அடையாளம் சொன்னவளுக்கு

எசன், ஜேர்மனி,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஆதிரைக்கு அம்மா எழுதுறது,

இஞ்சை நானும் அப்பாவும் கடவுள் விட்ட அளவிலை இருக்கிறம். நீயும் மருமகன் லக்ஸனும் அந்தத் தூரத்திலை மேலுக்கும் மனதுக்கும் ஒரு குறையில்லாமல் இருக்க வேணும் எண்டு விளக்குக் கொளுத்திற நேரமெல்லாம் நினைக்கிறனான். நியூசிலாந்திலை இப்பதான் வெயில் துவங்குதெண்டு சொன்னாய், இஞ்சை மாறி, பின்னேரத் தேத்தண்ணி குடிச்சு முடியமுன்னமே இருட்டிப்போகுது, மழை விட்டபாடில்லை. அப்பாவின்ரை முழங்காலுக்கு ஒப்பரேஷன் நாள் மாசிக்குத்தான் கிடைச்சிருக்கு, அதுவரைக்கும் படி இறங்கமாட்டன் எண்டு மனுசன் யன்னலடியிலை கதிரையைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பாத்தபடி இருக்குது. நீ அனுப்பின கம்பளிச் சட்டை அவருக்கு அளவு, எனக்குக் கொஞ்சம் பெரிசு, பரவாயில்லை, உள்ளுக்கு இன்னொண்டு போடலாம். நீ சாப்பாட்டைப் பாத்துக்கொள், வேலை வேலை எண்டு பாணையும் கோப்பியையும் தின்று உடம்பைக் கெடுக்காதை.

போன கிழமை போனிலை நீ ஒண்டு கேட்டாய். அம்மா, அது ஒரு சின்னத் தங்கத் துண்டுதானே, அதுக்கு ஏன் அம்பிகா அன்ரியோடை போட்டிபோட்டனீங்கள், அவவுக்கே விட்டிருக்கலாமே எண்டாய். எங்கடை பொம்பிளையள் கூட்டத்துச் சிவப்பிரியா உனக்குச் சொல்லியிருக்கிறா போலை. அடுப்பிலை கறி எண்டு சொல்லி நான் போனை வைச்சிட்டன். அடுப்பிலை கறி ஒண்டும் இருக்கேல்லை. வாயாலை சொல்ல வெளிக்கிட்டா அழுகைதான் வரும் எண்டு தெரியும், அதுதான் எழுதுறன், ஆறுதலாய் இருந்து வாசி.

தம்பி கவிஷன் குழந்தையிலை கழுத்திலை போட்ட பஞ்சாயுதம் உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு அப்பா பாரிசிலை செய்விச்சது, சங்கு சக்கரம் வாள் வில்லு தண்டு எண்டு அஞ்சும் ஒரு விரல் நகத்தளவிலை. நீதான் விளையாட்டிலை இழுத்து வளையத்தை உடைச்சுப்போட்டு மேசைக்குக் கீழை ஒளிச்சிருந்தனி. எங்கடை ரோட்டிலை இருந்த துருக்கிக்காரர் அதை ஒட்டித்தந்தவர், அவரிட்டை அந்த நேரம் தங்கப் பொடி இல்லை எண்டு வெள்ளியாலை ஒட்டினார், வளையத்திலை ஒரு வெள்ளைப் பொட்டு அப்பிடியே நிண்டிட்டுது. தம்பியை ஏரியிலை இருந்து எடுத்த அந்தக் கோடைக்குப் பிறகு அதை நான் பேர்சுக்குள்ளை ஒரு துணியிலை சுத்தி வைச்சிருந்தனான். திறந்து பாக்கிறதில்லை. இருக்குதெண்டு தெரிஞ்சா காணும். அதாலைதான் பேர்சின்ரை உள்மடிப்புப் பிஞ்சதும் அது விழுந்ததும் எனக்குத் தெரியேல்லை.

எங்கடை பொம்பிளையள் செவ்வாய்க்கிழமையளிலை கூடிற மண்டபம் தெரியும்தானே, அதிலை அடுத்த நாள் ரஷ்ய பாசை கதைக்கிற வயசான ஆக்கள் வந்து செஸ் விளையாடிறவை. புரட்டாதியிலை ஒருநாள் சிவப்பிரியா எல்லாருக்கும் போனிலை ஒரு படம் அனுப்பினா, மண்டபக் கதவிலை ஒட்டின கடதாசி, தங்கத்திலை குழந்தைப்பிள்ளையளின்ரை சின்னப் பொருள் ஒண்டு கிடந்து எடுத்தது, துலைச்ச ஆள் வந்து அடையாளம் சொல்லவும் எண்டு டொச்சுப் பாசையிலை எழுதி, கீழை ரெஸ்னிக் எண்ட பேரும் விலாசமும். பேர்சைக் கொட்டிப் பாத்தா துணி அவிழ்ந்து வெறுமையாய்க் கிடக்குது. அப்பாவுக்குக்கூடச் சொல்லாமல் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ட்ராமுக்கு ஓடினனான்.

ரெஸ்னிக் எண்பதை எட்டின மனுசன், உயரம், மெலிவு, தலையிலை ஒரு சின்னத் தொப்பி. யூத ஆள். உக்ரேனிலை இருந்து தொண்ணூறுகளிலை வந்தவராம், அங்கை பாலம் கட்டிற எஞ்சினியர், கோயில் குளம் எண்டு ஒண்டும் தெரியாமல் வளந்தவர், பென்சன் எடுத்த பிறகு இஞ்சைதான் தங்கடை சமயச் சட்டங்களைப் படிக்கத் துவங்கினவராம். செஸ் காய் ஒண்டு விழ, அதை எடுக்கக் குனிஞ்ச இடத்திலை ஹீட்டருக்குக் கீழை இதைக் கண்டிருக்கிறார். நான் கையை நீட்டிக்கொண்டு நிண்டன், அது என்ரை எண்டு. அவர் தரேல்லை. முதல் அடையாளம் கேக்க வேணும், அதுவும் இண்டைக்கு உங்களிட்டைக் கேக்க ஏலாது எண்டார். எனக்குக் கோவம் வந்திட்டுது, முப்பத்தைஞ்சு வருசமாய் இந்த நாட்டிலை இருக்கிறன், என்னைக் கள்ளி எண்டு நினைக்கிறீங்களோ எண்டு கேட்டுப்போட்டன். மனுசன் கோவிக்கேல்லை. தங்கடை சட்டத்திலை துலைஞ்ச பொருளைக் கண்டவன் காணாதவன்போலை போக ஏலாதாம், எடுத்தா அறிவிக்க வேணுமாம், சொந்தக்காரர் வருமட்டும் தன்ரை பொருளைப்போலை கவனமாய் வைச்சிருக்க வேணுமாம், ஆனா தன்ரை எண்டு நினைக்கக் கூடாதாம். நகரசபைக்கும் தான் அறிவிச்சிட்டாராம். ஜேர்மன் சட்டப்படி அரை வருசத்திலை ஒருத்தரும் வராட்டி அது கண்டவனுக்கு, தங்கடை சட்டத்திலை அப்பிடி இல்லை எண்டார். பிழையான ஆளிட்டைக் குடுத்தா அது திருப்பிக் குடுத்ததாகாது, ரெண்டாந்தரம் துலைச்சதுதான் எண்டார். பேந்து மெல்லச் சொன்னார், காலமை இன்னொரு அம்மா வந்தவ, டொச் பெரிசாய் வராது, மகன் மகன் எண்டு அழுதவ, ரெண்டுபேரும் ஒண்டாய் வாங்கோ, ரெண்டுபேரையும் வைச்சுத்தான் கேப்பன், பேர் அம்பிகா எண்டு சொன்னவ.

அம்பிகா வன்னியாலை தப்பி வந்த புதுசிலை ஆறு மாதம் எங்களோடை இருந்தவள், உன்ரை தலையைப் பின்னிவிட்டவள், எந்த பஸ் எங்கை போகுதெண்டு கவிஷன்தான் அவளுக்குக் காட்டிக்குடுத்தவன். அவளின்ரை மகன் சுலக்சனைப் பற்றி உனக்குத் தெரியும். கடைசிச் சண்டையிலை நந்திக்கடல் கரையிலை சனத்தோடை சனமாய் நிண்டவன், அதுக்குப் பிறகு கண்டதெண்டு சொல்ல ஒரு ஆளில்லை. அவன்ரை ஒரு படம்கூட அவளிட்டை இல்லை, ஒரு சட்டைகூட இல்லை. அப்பிடிப்பட்டவள் என்ரை பிள்ளையின்ரை பொருளுக்கு உரிமை கேக்கிறாளே எண்டு ட்ராமுக்குள்ளை இருந்து அவளைத் திட்டிக்கொண்டு வந்தனான். வீட்டை வந்து அப்பாவிட்டைச் சொல்ல, அவர் யன்னலைப் பாத்தபடி, அவள் பொய் சொல்லமாட்டாள் எண்டு மட்டும் சொன்னார்.

பிறகு நானும் அம்பிகாவும் அங்கை போனனாங்கள். ரெஸ்னிக் மேசைக்குத் துணி விரிச்சு தேத்தண்ணி வைச்சிருந்தார், பொருளைக் காட்டேல்லை, அடுத்த அறையிலை இருந்தது. மொழிபெயர்க்க வேறை ஆளைக் கூப்பிடுவம், எதிராளியே மொழிபெயர்க்கிறது முறையில்லை எண்டு அவர் சொல்ல, நான் அதை அம்பிகாவுக்குச் சொன்னன். அவள் தலையாட்டி, வேண்டாம், அக்கா சொல்லட்டும், அக்கா கூட்டிக் குறைச்சுச் சொல்லமாட்டா எண்டாள். நான் அதையும் சொன்னன். முதலிலை வந்தவள் எண்டபடியாலை அவளிட்டைத்தான் முதல் கேட்டவர். அது என்ன பொருள் எண்டு கேக்க, பஞ்சாயுதம் எண்டாள். அது சரி, கன வீட்டிலை இருக்கிற பொருள், உன்ரையிலை மட்டும் இருக்கிற அடையாளம் என்ன எண்டார். அவள் என்ரை முகத்தைப் பாத்து, வாளின்ரை நுனி இல்லை அக்கா, பல்லு முளைக்கேக்கை கடிச்சுக் கடிச்சு முறிச்சுப்போட்டான் எண்டு சொல்லுங்கோ எண்டாள். சொல்லேக்கை அவளுக்கு ஒரு சிரிப்பும் வந்தது, இத்தனை வருசத்திலை அவள் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை.

ஆதிரை, கவிஷன்ரை பஞ்சாயுதத்திலை வாள் முழுசாய் இருக்குது. அந்த இடத்திலையே எனக்கு விளங்கிப்போச்சு, இவள் பொய் சொல்லேல்லை, இவளுக்கும் ஒண்டு இருந்திருக்குது, அதைத்தான் இவள் சொல்லுறாள். வளையத்திலை வெள்ளைப் பொட்டு எண்டு ஒரு வசனம் அவளின்ரை பேச்சோடை சேத்துச் சொல்லியிருந்தா அது அவளுக்குப் போயிருக்கும். ஆருக்கும் தெரிஞ்சிருக்காது, அவளுக்கே தெரிஞ்சிருக்காது. நீ போனிலை சொன்னதுதான் அது, விட்டிருக்கலாமே எண்டு. நான் அதை நினைக்காமல் இல்லை. மனுசன் என்ரை வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறார், நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பாத்துக்கொண்டிருக்கிறன். எனக்குத் தம்பியின்ரை கழுத்துத்தான் வந்தது, குளிக்க வார்க்கேக்கை அந்தச் சின்ன வாள் நெஞ்சிலை ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அது. என்ரை பிள்ளையை நான் இன்னொரு பிள்ளையின்ரை பேரிலை குடுக்க ஏலாது எண்டு இருந்தது. அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னன், வாளின்ரை நுனி இல்லை எண்டு. பிறகு என்ரையைக் கேட்டார், வளையத்தைச் சொன்னன்.

அவர் உள்ளுக்குப் போய்ப் பாத்திட்டு வந்து என்ரை கையிலை வைச்சார். அம்பிகா, ஒருக்காத் தாங்கோ அக்கா எண்டு கேட்டு வாங்கினாள். வாளின்ரை நுனியைப் பெருவிரல் நகத்தாலை தடவித் தடவிப் பாத்தாள். உங்கடைதான் எண்டு திருப்பித் தந்தாள். உன்ரையை எங்கையடி துலைச்சனி எண்டு நான் கேக்க, முள்ளிவாய்க்காலிலை எண்டாள். முள்ளிவாய்க்காலிலை துலைச்சது எசனிலை எப்பிடி வரும் எண்டு கேக்க வாய் வந்தது, கேக்கேல்லை. அவளாய்ச் சொன்னாள், ஒரு பிள்ளையின்ரை பொருள் கிடைச்சிருக்கு எண்டு சிவப்பிரியா போட்டவுடனை கடவுள் அங்கையாலை இங்கை கொண்டந்து போட்டிட்டார் எண்டு நினைச்சன் அக்கா, விசர்தானே.

அதோடை எழும்பியிருந்தா நல்லாயிருந்திருக்கும். அவள், அந்த ஐயாவைக் கேளுங்கோ, ஆளே வராட்டி எவ்வளவு காலம் வைச்சிருப்பினம் எண்டு கேக்கச் சொன்னாள். அவருக்குச் சட்டம் கேட்டா சந்தோசம், எங்களை மறந்துபோனார். அடையாளம் உள்ள பொருள் எண்டா எலியா எண்ட அவையின்ரை தீர்க்கதரிசி வந்து சொல்லுமட்டும் வைச்சிருக்க வேணும், துலைச்சவன் மனம் விடுமட்டும் அது அவன்ரைதான் எண்டார். நான் சொன்னன். அம்பிகா நிமிந்து இருந்து, நான் விடேல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா எண்டாள். அவருக்கும் மனம் இளகி, நல்லது எண்டு தலையாட்டிப்போட்டு, பொய்யாய் ஆறுதல் சொல்லத் தெரியாத மனுசன், மிச்சத்தையும் சொன்னார். ஒரு விலக்கு இருக்குதாம். ஆத்து வெள்ளமும் கடலும் அடிச்சுக்கொண்டு போனது எண்டா, சொந்தக்காரன் கரையிலை நிண்டு நான் விடேல்லை விடேல்லை எண்டு கத்தினாலும் கணக்கில்லையாம், இடிஞ்ச வீட்டைப் பாத்துக் கத்திற ஆளைப்போலைதானாம், அது துலைஞ்சது துலைஞ்சதுதானாம்.

அதை நான் மொழிபெயர்க்கேல்லை பிள்ளை. எனக்கும் ஏலாமல் கிடந்தது, ஏரிக்கரையிலை நான் கத்தினது நீயும் கேட்டனிதானே. என்ன சொல்லுறார் எண்டு அவள் கேக்க, கன சட்டம் இருக்காம், நேரம் போகுது வா எண்டு கூட்டிக்கொண்டு வந்திட்டன். ஆனா கடலுக்கு டொச்சிலை என்ன எண்டு அவளுக்குத் தெரியும். வந்த புதுசிலை படிச்ச வகுப்பிலை கடல், மலை, ஆறு எண்டு எழுதி எழுதிப் படிச்சவள்.

அதுக்குப் பிறகு அவள் செவ்வாய்க்கிழமையளிலை வரேல்லை. போன் எடுத்தா இல்லை. வீட்டை போய் மணி அடிச்சன், உள்ளுக்கு நடக்கிற சத்தம் கேட்டது, திறக்கேல்லை. திரும்பவும் போனன், அதேதான். இன்னொருநாள் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுபோய்க் கதவிலை மாட்டிப்போட்டு வந்தன். அந்தச் சட்டிதான் கதவைத் திறந்தது, கழுவித் திருப்பித் தரவேணும் எண்டு கூப்பிட்டாள். வீடு துப்புரவாய் இருந்தது. அக்கா, அடுத்த வெள்ளி ஹம் ஊர் அம்மன் கோயிலுக்கு வருவீங்களோ, சுலக்சனுக்கு ஆத்ம சாந்திப் பூசை செய்யப்போறன் எண்டாள். கடல் கொண்டுபோனதுக்குக் கத்தினாலும் கணக்கில்லை எண்டு அந்த ஐயா சொன்னவர்தானே, நீங்கள் சொல்லாட்டிலும் உங்கடை முகத்திலை விளங்கினது எண்டாள்.

இத்தனை வருசமாய் அவளுக்கு, ஏற்றுக்கொள் அம்பிகா, அவன் இல்லையடி எண்டு சொல்லிச் சொல்லி வந்தவள் நான். அவளுக்கு அது தொல்லையாய்க்கூட இருந்திருக்கும். இப்ப அவள் சொல்ல, வேண்டாம், செய்யாதை, உனக்கு ஆர் சொன்னது அவன் இல்லை எண்டு நான் அவளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கெஞ்சுறன். ரெண்டுபேருக்கும் என்ன பிடிச்சதெண்டு தெரியேல்லை.

அடுத்த நாள் மழைக்குள்ளை ரெஸ்னிக்கிட்டைப் போனன். நீங்கள் சொன்ன கதையாலை ஒரு தாய் பிள்ளையைக் கைவிடப்போறாள் எண்டு சொன்னன். மனுசன் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டார். அது பொருளுக்கு அம்மா, பொருளுக்கு, மனுசருக்கு ஆர் அப்பிடிச் சொன்னது எண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். கரை தெரியாத தண்ணியிலை விழுந்து காணாமல்போனவனைத் தங்கடையாக்கள் செத்தவன் எண்டு இலகுவிலை தீர்க்கமாட்டினமாம், அவன்ரை மனுசி மறுகல்யாணம் செய்ய விடமாட்டினமாம், வேறை கரையிலை ஏறியிருப்பானோ எண்டு. தன்ரை தேப்பன் சண்டைக்குப் போய்த் திரும்பேல்லையாம், தாய் சாகுமட்டும் சாப்பாட்டு மேசையிலை அவருக்கும் ஒரு கோப்பை வைச்சவவாம். இதை உடனை போய் அவவுக்குச் சொல்லுங்கோ, நான் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும், நான் ஒரு மடையன் எண்டு அவர் அழுதார். எண்பது வயசு மனுசன் அழ, நான் என்ன செய்யிறது.

நேராய் அம்பிகாவிட்டைப் போய் ஒரு சொல்லு விடாமல் சொன்னன். இந்தமுறை எல்லாத்தையும் சொன்னன், அண்டைக்கு விட்டதையும் சொன்னன். அவள் கடைசிமட்டும் கேட்டாள். நல்ல சட்டம் அக்கா, அந்த ஐயாவுக்குக் கோவமில்லை எண்டு சொல்லுங்கோ எண்டாள். பேந்து, எனக்குக் களைச்சுப்போச்சு அக்கா எண்டாள். பஞ்சாயுதத்தை அவளுக்குக் குடுக்க எடுத்துக்கொண்டுதான் போனனான், அதையும் உனக்குச் சொல்லவேணும். நீட்டினன். அது கவிஷன்ரை, அவன் என்னை பஸ்ஸிலை ஏத்திவிட்ட பிள்ளை, அவன்ரையை நான் வாங்கமாட்டன் எண்டு என்ரை விரலை மடக்கிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் அவளும் ரயிலிலை ஹம்முக்குப் போனனாங்கள். அர்ச்சனைத் தட்டு அவள்தான் வைச்சிருந்தாள், படம் இல்லை, ஒரு பூமாலை மட்டும், ஆருக்குப் போடுறதெண்டு தெரியாமல் அதை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தாள். ஐயர் பேர் கேட்டார், சுலக்சன் எண்டாள். நட்சத்திரம் கேட்டார், அனுசம் எண்டாள், யோசிக்காமல். திதி கேட்டார். அவள் என்னைப் பாத்தாள். எனக்கு என்ன தெரியும். ஐயருக்குப் பின்னாலை இன்னும் ஆக்கள் நிக்கினம், அவர் நல்ல மனுசன், ஆறுதலாய், எப்ப தவறினவர் அம்மா எண்டு திரும்பக் கேட்டார். அவள் ஐயரை நிமிந்து பாத்து, இண்டைக்கு எண்டாள்.

அவ்வளவுதான் பிள்ளை, நீ கேட்டதுக்கு என்னிட்டை உள்ள மறுமொழி. நான் செய்தது சரியோ பிழையோ எண்டு எனக்குத் தெரியேல்லை, அப்பாவிட்டைக் கேட்டன், அவருக்கும் தெரியேல்லையாம். நீயும் உடனை ஒண்டும் சொல்லாதை.

நீயும் லக்ஸனும் நீண்ட ஆயுளோடை, ஒருத்தரை ஒருத்தர் விடாமல், நிறைவாய் இருக்க அம்மன் துணை நிக்கட்டும். கடற்கரைப் பக்கம் போறதெண்டா தனியப் போகாதை. மறக்காமல் ஒண்டு செய், ஞாயிற்றுக்கிழமை அம்பிகா அன்ரிக்கு ஒருக்காப் போன் எடு. ஆறுதல் ஒண்டும் சொல்ல வேண்டாம், அது அவளுக்கு நிறையச் சொல்லியாச்சு. சுலக்சன் சின்னனிலை என்ன சாப்பிடுவான், என்ன குழப்படி செய்வான் எண்டு கேள். இத்தனை வருசத்திலை நாங்கள் ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை.

உன்னையே நினைச்சபடி,
அம்மா